நோவா 19 ஓய்ந்துவிட்டது, வேலூர் மொட்டைமாடியில் இனி எதைக் கேட்பது?

சத்துவாச்சாரி மாடி | 24 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 19ஆம் தேதி நோவா 15ஐ நிறுத்திவிட்டார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, 13ஆம் தேதி, நோவா 19. நோவா 18 ஜூன் 6ஆம் தேதியே போய்விட்டது. 137 மெகாஹெர்ட்ஸில் கடிகாரம் அடிப்பது போல வரும் அந்த 'டிக் டக்' சத்தம் இனி கேட்காது.

எட்டு வருஷமாக எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இவை மூன்றும் துருவத்துக்குத் துருவம் சுற்றும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள். சுமார் 850 கிலோமீட்டர் உயரம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 102 நிமிஷம். கீழே தெரிவதை வினாடிக்கு இரண்டு வரி வீதம் படமாக அனுப்பிக்கொண்டே போகும். அனுப்பும் கருவியின் சக்தி 5 வாட் அளவுதான், வீட்டில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பு அவ்வளவு எடுக்கும். அதை இரண்டு அலுமினியக் கம்பியும், ரேடியோ சிக்னலைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பென் டிரைவ் அளவு எஸ்.டி.ஆர். டாங்கிளும், ஒரு பழைய லேப்டாப்பும் வைத்து வாங்கிவிடலாம். கடவுச்சொல் கிடையாது, சந்தா கிடையாது, இன்டர்நெட் கிடையாது.

நிவர் புயல் வந்த 2020 நவம்பர் 25 நினைவிருக்கும். எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது, போனிலும் சரியாகச் சிக்னல் இல்லை. நனைந்துகொண்டே மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கையால் பிடித்தபடி நின்றேன். லேப்டாப் படிக்கட்டுக்குள் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் வரி வரியாக இலங்கை, பிறகு பாக் நீரிணை, பிறகு கரையை நோக்கி வரும் அந்த வெள்ளைச் சுருள் இறங்கியது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த நேரம் என் தலைக்கு மேலே போன ஒன்றிடமிருந்து நானே வாங்கிய படம் அது.

1963 டிசம்பரில் டைரோஸ் 8 முதன்முதலாக இப்படி அனுப்பத் தொடங்கியது. யாருக்கு வேண்டுமானாலும் வானத்திலிருந்து படம் கொடுக்கும் வழக்கத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் வயது. மனசு கனக்கிறது. நம் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? இனி என்ன செய்யப் போகிறீர்கள்?

---

காட்பாடி பிளாட்பாரம் | 24 ஆகஸ்ட்

சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் இன்சாட் 3டிஆரும் 3டிஎஸ்ஸும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. புதுப் படம் கால் மணி, அரை மணிக்கு ஒன்று போனிலேயே வந்துவிடுகிறது. துருவச் சுற்றில் போவது வேலூருக்கு மேல் நல்ல உயரத்தில் வருவது பகலில் ஒன்றிரண்டு தடவை, இரவில் ஒன்றிரண்டு தடவை. மீதி நேரம் பிரேசிலில் இருக்கும், சைபீரியாவில் இருக்கும். புயல் நேரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

---

ஆரணிப் பெண் | 25 ஆகஸ்ட்

நான் வானிலையியலில் முதுகலை படிக்கிறேன். காட்பாடி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதே சரி. ஆனால் படம் எடுப்பது இந்தச் செயற்கைக்கோள்களின் வேலையில் ஒரு பாதிதான், அதிலும் சின்னப் பாதி.

இன்சாட் படத்தில் தெரிவது பெரும்பாலும் மேகத்தின் மேல்தலை. ஆனால் நாளை மறுநாள் மழை வருமா என்று கணக்குப் போட, தரையிலிருந்து மேலே ஒவ்வொரு உயரத்திலும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அதை அளக்க பலூன் விடுகிறார்கள். மீனம்பாக்கத்தில் விடுகிறார்கள், வேலூரில் விடுவதில்லை. வங்கக் கடலின் நடுவில் யார் விடுவது? புயல் பிறப்பது அங்கேதான்.

துருவச் சுற்றில் போகும் செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புதிய நோவா 20, நோவா 21 இரண்டிலும் ஏ.டி.எம்.எஸ். என்று ஒரு மைக்ரோவேவ் கருவி இருக்கிறது, 22 அலைவரிசை. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மிக மெல்லிய கதிர்வீச்சை வெளியிடும். அதன் அளவு வெப்பத்தைப் பொறுத்து மாறும். அந்த வரிசையில் ஒவ்வோர் அலைவரிசையும் வெவ்வேறு உயரத்து வெப்பத்தைச் சொல்லும். நீராவியை 183 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பார்க்கலாம். முக்கியமான விஷயம், மைக்ரோவேவ் பெரும்பாலான மேகங்களை ஊடுருவும். அகச்சிவப்புக் கதிர் மேகத்தின் மேலேயே நின்றுவிடும்.

இதை ஏன் 36,000 கிலோமீட்டரில் வைக்கவில்லை என்றால், மைக்ரோவேவின் அலைநீளம் பெரிது. அவ்வளவு தூரத்திலிருந்து தெளிவாகப் பார்க்க ராட்சத ஆன்டெனா வேண்டும். 824 கிலோமீட்டரில் இருந்தால் சின்ன ஆன்டெனாவே போதும். கிட்டப் போனால்தான் நாடி பிடிக்க முடியும்.

இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் இரண்டிலும் அகச்சிவப்பு சவுண்டர், அதாவது உயரத்துக்கு உயரம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவி, உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊருக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு இப்போது இவ்வளவு நன்றாக வருவதற்கு இந்தத் துருவச் சுற்று அளவீடுகள் பெரிய காரணம். நொய்டாவில் உள்ள வானிலை மையத்தின் கணினி மாதிரியும் ஐரோப்பியக் கணினி மாதிரியும் நோவா, ஐரோப்பியர்களின் மெட்டாப் செயற்கைக்கோள்களின் அளவீடுகளைத் தினமும் விழுங்கிக்கொண்டுதான் ஓடுகின்றன. நம் வானிலைத் துறையே டெல்லி, சென்னை, குவாஹாத்தியில் இவற்றிடமிருந்து நேரடியாகத் தரவு வாங்க நிலையம் வைத்திருக்கிறது.

சத்துவாச்சாரி சார், நீங்கள் மாடியில் வாங்கிய படம் அந்தப் பெரிய வேலையிலிருந்து ஊருக்கு வழங்கிய பிரசாதம் மாதிரி. அது நின்றுபோனது எனக்கும் வருத்தம்தான்.

---

குடியாத்தம் தறி | 25 ஆகஸ்ட்

அருமையாகச் சொன்னீங்க தங்கச்சி. எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் செயற்கைக்கோள் தினமும் மதியம் ஒன்றரை மணி வாக்கில்தான் நம்மைக் கடக்கும் என்று எங்கோ படித்தேன். பூமி சூரியனைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறதே, வருஷம் முழுக்க எப்படி அதே நேரத்துக்கு வரும்? அதுவும் எஞ்சினே ஓடாமல்?

---

ஆரணிப் பெண் | 25 ஆகஸ்ட்

அண்ணா, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியைக் கேட்டுவிட்டீர்கள்.

பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில், நிலநடுக்கோட்டுப் பக்கம், கொஞ்சம் பருத்திருக்கிறது. அந்தப் பருமன் செயற்கைக்கோளின் பாதையை மெல்லத் திருப்பும். சுற்றுப்பாதையை 98.7 டிகிரி சாய்த்து, 824 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால், அந்தத் திருப்பம் நாளுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். பூமி சூரியனைச் சுற்றி ஒரு நாளில் நகர்வதும் அதே அளவுதான். வருஷம் 365 நாளும் பாதை சூரியனோடு சேர்ந்தே திரும்பிக்கொண்டிருக்கும். அதற்கென்று எரிபொருள் வேண்டாம். பூமியின் தொப்பையே அந்த வேலையைச் செய்கிறது.

உங்கள் தறியை வைத்தே மீதியைச் சொல்கிறேன். நாடா குறுக்கே ஓடும்போது துணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுருளும் இல்லையா? இங்கே செயற்கைக்கோள்தான் நாடா, பூமிதான் நகரும் துணி. ஒரு சுற்று முடிவதற்குள் பூமி கிழக்கே 25 டிகிரி திரும்பிவிடும். அடுத்த இழை நிலநடுக்கோட்டில் சுமார் 2,800 கிலோமீட்டர் மேற்கே விழும். படக்கருவி பார்க்கும் அகலம் 3,000 கிலோமீட்டர். அதனால் இடைவெளி விழாது, ஒரு நாளில் 14 சுற்றுக்குள் உலகம் முழுவதும் நெய்து முடித்துவிடும்.

---

குடியாத்தம் தறி | 26 ஆகஸ்ட்

இழைக்கு இழை மேலே ஏறி விழுகிறது என்கிறீர்கள். ராத்திரி என் பையனுக்குத் தறியிலேயே காட்டினேன். புரிந்துகொண்டான்.

---

பொன்னை ஆற்றங்கரை | 26 ஆகஸ்ட்

நான் விவசாயி. நீங்கள் எல்லாம் படித்தவர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

2021 நவம்பரில் எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பெரிய மழையே இல்லை. சித்தூர்ப் பக்கம் பெய்தது, கலவகுண்டா அணையைத் திறந்தார்கள், விடிகாலையில் வரப்பு தெரியவில்லை. நெல் போச்சு. மோட்டார் போச்சு. இரண்டு கன்றுக்குட்டியை மட்டும் அவிழ்த்துவிட நேரம் இருந்தது. எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் மாட்டுக்கொட்டகையில் இருந்தது.

இவ்வளவு செயற்கைக்கோள் மேலே போகிறதே, ஆந்திராவில் பெய்வது எங்களுக்கு ஏன் முன்னாலேயே தெரியவில்லை?

---

காட்பாடி பிளாட்பாரம் | 26 ஆகஸ்ட்

ஐயா, படிக்கும்போதே தொண்டை அடைக்கிறது. அந்த வருஷம் டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூண் பழுதாகி ரயில்கள் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆற்றின் வேகம் அப்படி.

---

ஆரணிப் பெண் | 27 ஆகஸ்ட்

ஐயா, உங்கள் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மூன்று கட்டமாகச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் முன்பு: கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிறது, இந்தப் பக்கம் வரும், சித்தூர், வேலூர் மாவட்டங்களில் கனமழை பெய்யும் என்று சொல்வது. இங்கேதான் துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்களின் பங்கு அதிகம். கடல்மேல் வீசும் காற்றை அளக்க மெட்டாப்பிலும், நம் ஓஷன்சாட் 3இலும் ஸ்கேட்டரோமீட்டர் இருக்கிறது. 2022 நவம்பர் 26ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது அது, அதுவும் துருவச் சுற்றுதான்.

மூன்று மணி நேரம் முன்பு: எந்த மேகம் எந்த மலைமேல் கொட்டுகிறது என்று பார்ப்பது. இதற்கு ரேடாரும் இன்சாட்டும்தான். இந்த இடத்தில் காட்பாடி அண்ணா பக்கம் நான் முழுதாகச் சேர்ந்துகொள்கிறேன்.

கடைசி ஒரு மணி நேரம்: அணையில் எவ்வளவு திறந்தார்கள், எத்தனை மணிக்கு உங்கள் ஊருக்கு வரும், யார் வந்து கதவைத் தட்டுவது. இது எந்தச் செயற்கைக்கோளாலும் ஆகாது ஐயா. அது மனிதர் செய்ய வேண்டியது. உங்களுக்கு விடுபட்டது அந்தக் கடைசி மணி நேரம்.

பாலாறும் அப்படித்தான். நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து நமக்கு வருகிறது. வானத்தைப் பார்க்கும்போது வேலூருக்கு மேலே மட்டும் பார்த்தால் போதாது, வடமேற்கே பார்க்க வேண்டும்.

---

பொன்னை ஆற்றங்கரை | 27 ஆகஸ்ட்

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி அம்மா. வடமேற்கே எப்படிப் பார்ப்பது என்று யாராவது என் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவன் பிளஸ் ஒன் படிக்கிறான்.

---

ஜவ்வாது காற்று | 29 ஆகஸ்ட்

மலைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கோடையில் எங்கள் ஜவ்வாது மலையில் காய்ந்த புல்லில் தீ பிடிக்கும். பிப்ரவரியில் ஆரம்பித்தால் கோடை மழை வரும்வரை பயம்தான். அந்தத் தீயை முதலில் எங்களுக்குக் காட்டுவது பல நேரம் நீங்கள் பேசும் இந்தக் கோள்கள்தான். சுவோமி, நோவா 20, நோவா 21 மூன்றிலும் வீர்ஸ் என்ற படக்கருவி இருக்கிறது, 22 அலைவரிசை. தீயை 375 மீட்டர்க் கட்டத்துக்குள் சொல்லிவிடும். நாசாவின் தீ வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரவு ஒன்றரை மணிக்குக் கடக்கும்போதும் எடுக்கும். அந்த நேரத்தில் மலைச்சரிவில் எரிவதை வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு கடப்புக்கு நடுவில் பற்றி அணைந்தது தெரியாது. பாறை வெயிலில் கொதித்தாலும் சில நேரம் தவறாகப் புள்ளி விழும். நடந்துபோய்ப் பார்ப்பவர்கள் எப்போதும் வேண்டும்.

அதே கருவியில் இரவு வெளிச்சத்தை எடுக்கும் ஒரு பட்டை உண்டு. நிலா வெளிச்சத்திலேயே மேகத்தைப் படம் பிடிக்கும். அந்தப் படத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நெடுஞ்சாலையோடு கோர்த்த மணி மாதிரி தெரியும். எங்கள் காவலூர் மட்டும் இருட்டாக இருக்கும். வைணு பாப்பு ஆய்வகம் இருப்பதால் அந்த இருட்டு எங்களுக்குப் பெருமை.

---

சத்துவாச்சாரி மாடி | 30 ஆகஸ்ட்

ஒரு வாரம் வேலை அதிகம், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஆரணித் தங்கச்சி சொன்ன 'பிரசாதம்' என்ற வார்த்தை மனசில் நின்றுவிட்டது.

நோவா 19 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2003 செப்டம்பர் 6ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் கட்டுமானத்தில் இருக்கும்போதே அது கீழே விழுந்தது. தாங்கியிருந்த தட்டில் 24 போல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். மாட்டியிருக்கிறதா என்று யாரும் சரிபார்க்கவில்லை. படுக்கவைக்கத் திருப்பியபோது சரிந்து கான்கிரீட் தரையில் விழுந்தது. பழுதுபார்க்க 135 மில்லியன் டாலர் ஆனது. 2009 பிப்ரவரி 6ஆம் தேதிதான் மேலே போனது. போன பிறகு பதினாறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. நான் ஒவ்வொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதும் அது விழுந்து எழுந்தது என்ற நினைப்போடுதான் கேட்டேன். அதில் மீனவர்கள், மாலுமிகள் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அழைப்பைப் பிடிக்கும் கருவியும் இருந்தது.

அது ஓய்ந்த அதே ஆகஸ்ட் 13ஆம் தேதி ஐரோப்பியர்களின் புதிய மெட்டாப் வரிசையின் முதல் கோள் ஏரியான் 6 ராக்கெட்டில் கிளம்பிப் போனது. வேலை தொடர்கிறது. நம் மாடியில்தான் தொடரவில்லை. நோவா 20ம் 21ம் எக்ஸ் பட்டையில், 7.8 கிகாஹெர்ட்ஸில் அனுப்புகின்றன. அதற்குக் கோளைப் பின்தொடர்ந்து திரும்பும் டிஷ் வேண்டும்.

ஆனால் ரஷ்யாவின் மீட்டியார் கோள்கள் இன்னும் 137இல் பேசுகின்றன. எம்2-3 2023 ஜூனில் போனது, எம்2-4 2024 பிப்ரவரி 29இல் போனது. டிஜிட்டல், ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர். நோவா படம் நான்கு கிலோமீட்டர்தான். ஆன்டெனா பழையதே போதும்.

பொன்னை ஐயா, உங்கள் மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

---

பொன்னை ஆற்றங்கரை | 31 ஆகஸ்ட்

சார், நான் மகன் எழுதுகிறேன், அப்பா கணக்கிலிருந்து. என்னென்ன வாங்க வேண்டும்?

---

சத்துவாச்சாரி மாடி | 31 ஆகஸ்ட்

தம்பி, டாங்கிள் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, காசு வேண்டாம். ஆன்டெனாவை நீயே செய். அலுமினியக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 53.4 சென்டிமீட்டர். இரண்டையும் 120 டிகிரி கோணத்தில் ஆங்கில 'வி' மாதிரி படுக்கைவாட்டில் வை. நிமிர்த்தி வைக்காதே. தரையில் உள்ள ஒலிபரப்புகள் பெரும்பாலும் செங்குத்தாக வரும், படுக்கையாக வைத்தால் அவை தானாகக் குறையும். 'வி'யின் வாய் வடக்கு தெற்காகப் பார்க்கட்டும், கோள் அந்தத் திசையில்தான் போகும். கேபிளின் நடுக்கம்பியை ஒரு அலுமினியக் கம்பியில் இணை, அதைச் சுற்றியுள்ள வலையை இன்னொன்றில். மென்பொருளுக்கு சாட்-டம்ப் போதும், இலவசம்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே மலை மறைக்கும், அதனால் எனக்குப் படத்தின் ஒரு பக்கம் எப்போதும் வெட்டுப்படும். உங்கள் ஊர் சமவெளி, ஆற்றுமணலில் நின்றால் அடிவானம் முழுக்கத் திறந்திருக்கும். என்னைவிட நல்ல படம் உனக்குக் கிடைக்கும்.

---

பொன்னை ஆற்றங்கரை | 12 அக்டோபர்

சார், மகன்தான். மூன்று முறை ஒன்றுமே வரவில்லை. சிக்னல் கோடு திரையில் நேராக நிற்காமல் வளைந்து வளைந்து போகிறது. ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

---

காட்பாடி பிளாட்பாரம் | 12 அக்டோபர்

தம்பி, வளைந்தால் சந்தோஷப்படு, வந்தது கோள்தான். பிளாட்பாரத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கடக்கும்போது கவனித்திருக்கிறாயா? வரும்போது சத்தம் கூர்மையாக இருக்கும், தாண்டியதும் இறங்கிவிடும். கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதனால் அதன் சிக்னலும் 137 மெகாஹெர்ட்ஸில் மூன்று கிலோஹெர்ட்ஸ் மேலிருந்து மூன்று கிலோஹெர்ட்ஸ் கீழ் வரை நழுவும். மென்பொருள் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

(ஆரம்பத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவன் நான்தான். போன வாரம் நானும் டாங்கிள் வாங்கிவிட்டேன்.)

---

சத்துவாச்சாரி மாடி | 12 அக்டோபர்

கோடு தெரிந்தும் படம் வரவில்லை என்றால் இரைச்சல் அதிகம். மீட்டியார் டிஜிட்டல், நோவா மாதிரி புள்ளி புள்ளியாகவாவது வராது. வந்தால் சுத்தமாக வரும், இல்லையென்றால் வரியே விழாது. பக்கத்தில் இன்வெர்ட்டரோ மோட்டார் ஸ்டார்ட்டரோ இருக்கிறதா பார்.

---

பொன்னை ஆற்றங்கரை | 19 அக்டோபர்

சார், மோட்டார் கொட்டகைப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். இன்று காலை ஆற்றுக்குள் மணல் திட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டார். நடுவில் கொஞ்சம் கறுப்புப் பட்டை, மற்றபடி முழுதாக வந்தது. கீழே இலங்கை, மேலே ஆந்திரக் கரை. சித்தூர்ப் பக்கம் மேகம் திட்டுத் திட்டாக இருக்கிறது. அப்பா அந்த இடத்தை விரலால் தொட்டு, கலவகுண்டா இங்கேதானே என்று கேட்டார். சரியாக எந்தப் புள்ளி என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. படத்தின் மேல் ஆறும் அணையும் கோடாக வர என்ன செய்ய வேண்டும்?

---

ஆரணிப் பெண் | 19 அக்டோபர்

சாட்-டம்ப்பிலேயே வரைபடக் கோடு போடும் வசதி இருக்கிறது தம்பி. ஆறும் அணையும் அதில் இருக்காது, அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். பாலாறு, பொன்னை இரண்டின் படுகையையும் நான் வரைந்து அனுப்புகிறேன். இரண்டு நாள் கொடு.